ஈர நெல் காத்திருக்குமா? திறந்த சந்தைக் கணக்கும் வன்னியும்

மூன்றாம்வாய்க்கால் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். வட இலங்கையின் வன்னியில், கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் நாலு ஏக்கர் வயல் செய்கிறேன். மகள் உயர்தரத்தில் பொருளியல் படிக்கிறாள். போன கிழமை அவளுடைய கொப்பியைப் புரட்டிப் பார்த்தேன். வாங்குபவர் கேட்கும் அளவுக்கு, அதாவது கேள்விக்கு, ஒரு கோடு, விற்க வரும் அளவுக்கு, அதாவது நிரம்பலுக்கு, ஒரு கோடு, இரண்டும் வெட்டுகிற இடத்தில் ஒரு புள்ளி. அதுதான் சமநிலை விலை, அந்த விலையில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் குறை இல்லை என்று வடிவான கையெழுத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

அந்தப் புள்ளியில் நான் நின்ற நாளைச் சொல்கிறேன். 2025 மாசி, காலபோக வெட்டு. மெசின் வந்து ஒரே பகலில் வெட்டித் தந்துவிட்டுப் போய்விட்டது. நெல் நல்ல ஈரம். முற்றம் போதாமல் பாதியைத் தார் வீதியின் ஒரு பக்கத்தில் பரவினோம். வாகனம் ஏறாமலிருக்கக் கல்லும் பனங்குற்றியும் வைத்தோம். மத்தியானம் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. நானும் மனைவியும் மகளும் தறப்பாளை இழுத்து மூடிக்கொண்டிருக்கும்போது லொறி வந்து நின்றது. இறங்கியவர் நாலு நெல்மணியை எடுத்துப் பல்லுக்கிடையில் வைத்துக் கடித்தார். காய்ந்த நெல் என்றால் டக் என்று உடையும். இது மசிந்தது. "ஈரம் கூட, அண்ணை" என்றார். ஒரு விலை சொன்னார். சாக்குக்கு இரண்டு கிலோ கழிப்பேன் என்றார்.

அந்த மாதத் தொடக்கத்தில்தான் அரசாங்கம் 'நாடு' என்ற ரக நெல் கிலோ 120 ரூபாய் என்று அறிவித்திருந்தது. ஆனால் அது 14 வீத ஈரப்பதத்துக்குள் காய்ந்த நெல்லுக்கு. என்னுடையது அந்த அளவுக்கு வர நல்ல வெயில் இரண்டு மூன்று நாள் வேண்டும். உரக்கடைக்காரர் முதல்நாளே இரண்டு தரம் போன் எடுத்துவிட்டார். மனைவியின் சங்கிலி அடைவில் இருந்தது, தவணை முடிய ஒன்பது நாள். மெசின்காரருக்கும் கைக்காசு கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டேன். யாரும் மிரட்டவில்லை. விற்கமாட்டேன் என்று சொல்லும் உரிமை எனக்கு இருந்தது. சொல்வதற்கு நேரம் இருக்கவில்லை.

மகளின் கொப்பியில் இருக்கிற விற்பனையாளன் காத்திருக்கக்கூடியவன். என்னால் முடியவில்லை. அப்படியானால் இந்தக் கணக்கு யாருக்காக எழுதப்பட்டது? பணக்கார நாடுகளுக்கு ஒரு கணக்கும் எங்களுக்கு ஒரு கணக்குமா? படித்தவர்கள் சொல்லுங்கள். புரட்டாசி முடியப் போகிறது, விதைப்புக்கு முன்னர் எனக்கு ஒரு தெளிவு வேண்டும்.

வவுனியா_பொருளியல் எழுதியது:

அண்ணை, வாசித்து மனம் கஷ்டப்பட்டது. நான் 19 வருடமாக உயர்தரத்துக்குப் பொருளியல் படிப்பிக்கிறேன். அதனால் அந்தப் புள்ளிக்காகக் கொஞ்சம் பேச வேண்டும்.

உங்கள் வீதிக்கு அன்று எத்தனை லொறி வந்தது? ஒன்று. ஐந்து வந்திருந்தால்? முதல் ஆள் சொன்ன விலைக்கு மேல் ஐந்து ரூபாயாவது இரண்டாவது ஆள் சொல்லியிருப்பார். உங்களுக்கு வந்தது சந்தையால் வந்த துன்பம் என்று நான் சொல்லமாட்டேன். சந்தை போதாமல் வந்த துன்பம். பொருளியலின் தந்தை என்கிற ஆடம் ஸ்மித் 1776 இல் எழுதும்போதே, ஒரே தொழில்காரர்கள் கூடினால் பேச்சு பொதுமக்களுக்கு எதிரான சதியிலோ விலையை ஏற்றும் தந்திரத்திலோதான் முடியும் என்று எச்சரித்தவர். அவர் வியாபாரிகளின் ஆள் இல்லை.

அடுத்தது, நாடுகளுக்கிடையிலான கணக்கு. ஒரு வீட்டில் அக்கா, தங்கச்சி. அக்கா கிடுகு பின்னுவதிலும் கெட்டிக்காரி, களை பிடுங்குவதிலும் கெட்டிக்காரி. தங்கச்சி இரண்டிலும் மெதுவு, ஆனால் கிடுகில் கொஞ்சம் பரவாயில்லை. அக்கா களையோடு நிற்க, தங்கச்சி கிடுகோடு இருந்தால் பொழுது சாயும்போது இரண்டு வேலையும் கூட முடிந்திருக்கும். ரிக்கார்டோ என்ற பொருளியலாளர் 1817 இல் சொன்னது இதைத்தான். போர்த்துக்கலுக்கு ஒரு வருட வைனுக்கு 80 பேர், துணிக்கு 90 பேர் வேண்டும். இங்கிலாந்துக்குத் துணிக்கு 100 பேர், வைனுக்கு 120 பேர். இரண்டிலும் போர்த்துக்கல்தான் மேல். என்றாலும் அது 80 பேரின் வைனைக் கொடுத்து, தான் செய்தால் 90 பேர் தேவைப்படும் துணியை வாங்கலாம். ஏழை நாட்டுக்கும் பணக்கார நாட்டுக்கும் வியாபாரத்தில் நன்மை இருக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

கதவை மூடினால் என்ன நடக்கும் என்று நாங்கள் பார்த்துவிட்டோம். 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரே அறிவிப்பில் நிறுத்தினார்கள். நவம்பரில் கைவிட்டார்கள். அதற்குள் அந்தப் போகம் போய்விட்டது. யூரியா இல்லாமல் மஞ்சளடித்த வயலை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

முள்ளிவளை எழுதியது:

சேர் சொல்வதில் ஒரு பாதிக்கு நான் சாட்சி. போர்க்காலத்தில், 1990 இலிருந்து 2002 இல் கண்டி-யாழ்ப்பாணம் ஏ9 பாதை திறக்கும் வரை, வன்னிக்குள் எது வரலாம், எது வரக்கூடாது என்று அரசாங்கத்தின் பட்டியல் இருந்தது. பெற்றோல், பற்றரி, சீமெந்து, பசளை, மெழுகுதிரி. நான் படித்தது ஜாம் போத்தலுக்குள் பஞ்சுத் திரி போட்ட விளக்கில். மண்ணெண்ணெய் சொட்டுச் சொட்டாக எரியும். பாட்டுக் கேட்க வேண்டுமென்றால் ஒருவர் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிப்பார், டைனமோவில் றேடியோ பாடும். பொருள் வராத ஊரில் சாமான் கொண்டுவர அனுமதி கிடைத்த ஆள் வைத்ததுதான் விலை. அடைத்த சந்தையை நல்லது என்று என் வாயால் சொல்ல வராது.

பழைய_விசுவமடு எழுதியது:

தம்பிமாரே, எனக்கு வயது 74. நான் பார்த்த இரண்டு காலத்தையும் சொல்கிறேன், பிறகு நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

விசுவமடுவிலும் முத்தையன்கட்டிலும் படித்த வாலிபர் திட்டத்தில் காணி கொடுத்தபோது காடு வெட்டப் போனவர்களில் நானும் ஒருவன். 1970 இல் வந்த அரசாங்கம் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. செத்தல் மிளகாய்க்கு வந்த விலையை இன்றைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். முற்றம் முழுக்கச் சிவப்பாகக் காயும். தும்மிக்கொண்டே சாக்கில் மிதித்து அடைப்போம். கிணற்றுக்கு இயந்திரம், மண் வீட்டுக்குப் பதில் கல் வீடு, தங்கச்சிக்குக் கலியாணம், எல்லாம் அந்தச் செடியில் வந்தது. கொழும்பில் வேலை தேடாமல் காட்டுக்குள் வந்தோமே என்று பெருமையாக இருந்தது.

1977 இல் ஜே. ஆர். ஜயவர்த்தன வந்தார், கதவைத் திறந்தார். வெளி மிளகாய் வந்து இறங்கியது. எங்கள் விலை விழுந்தது. யாரும் வந்து, இத்தனை வருடத்தில் இறக்குமதி வரும், அதற்குள் நீங்கள் இதற்கு மாறுங்கள், இந்தா கடன், இந்தா விதை என்று சொல்லவில்லை. கிணற்று இயந்திரத்துக்கு வாங்கிய கடன் மட்டும் அப்படியே நின்றது. என்னோடு காடு வெட்டிய இரண்டு பேர் காணியைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு வெளிநாடு போனார்கள்.

ஆனால் ஒன்றை மறைக்கக்கூடாது. அதே 70களில் தெற்கில் பாணுக்கு விடியப்புறம் வரிசை. வீதித் தடையில் பைக்குள் அரிசி இருக்கிறதா என்று தேடினார்கள். ஒருமுறை கொழும்புக்குப் போனபோது, தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா கறிக்கு மிளகாயை எண்ணிப் போட்டதைப் பார்த்தேன். நாலு மிளகாய், எட்டுப் பேருக்கு. எங்கள் நல்ல விலையை அந்த அம்மாதான் கட்டினார். அது இன்றைக்கும் எனக்கு உறுத்துகிறது.

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

ஐயா, கடைசிப் பந்தியை இரண்டு தரம் வாசித்தேன்.

நான் கனடாவில் 22 வருடம். இங்கே சுதந்திர வர்த்தகம் பற்றித் தொலைக்காட்சியில் நாள் முழுக்கப் பேசுவார்கள். ஆனால் நான் வாங்குகிற வெண்ணெய்க்குப் பின்னால் என்ன இருக்கிறது தெரியுமா? ஒதுக்கிய அளவுக்கு மேல் வெளிநாட்டு வெண்ணெய் வந்தால் 298 வீத வரி. சீஸுக்கு 245 வீதம். ஒவ்வொரு பால் பண்ணைக்கும் எவ்வளவு பால் என்று ஒதுக்கீடு, விலையும் செலவைப் பார்த்து வைப்பது. 1970களிலிருந்து இருக்கிற ஏற்பாடு. 2025 ஆனியில், வர்த்தகப் பேச்சுவார்த்தையில் இதை விட்டுக்கொடுக்கக்கூடாது என்று சட்டமே போட்டுவிட்டார்கள். அமெரிக்கா எவ்வளவு அழுத்தியும் அந்த ஏற்பாட்டைக் கைவிடவில்லை. ஜப்பான் ஒதுக்கீட்டுக்கு மேல் வரும் அரிசிக்குக் கிலோவுக்கு 341 யென் வரி வைத்திருக்கிறது. நம்முடைய காசில் கிட்டத்தட்ட 700 ரூபாய். ஒரு கிலோவுக்கு!

இது இன்று நேற்றுத் தொடங்கியதும் இல்லை. கோரமண்டல் கரையிலிருந்தும் குஜராத், வங்காளத்திலிருந்தும் போன அச்சடித்த பருத்தித் துணியை இங்கிலாந்துப் பெண்கள் விரும்பி உடுத்தினார்கள். 1700 இல் அந்தத் துணியின் இறக்குமதியைத் தடுத்துச் சட்டம் வந்தது. 1721 இல் பெரும்பாலான அச்சுப் பருத்தியை உடுத்துவதற்கே தடை வந்தது. லங்காஷயர் ஆலைகள் வளர்ந்து உலகத்துக்கே துணி விற்கத் தொடங்கிய பிறகுதான் கதவைத் திறக்கும் பேச்சு வந்தது. தானிய இறக்குமதி வரிச் சட்டத்தை நீக்கியது 1846 இல். அமெரிக்காவின் முதல் நிதியமைச்சர் ஹமில்ட்டன் 1791 இலேயே இளம் தொழில்களைப் பாதுகாக்க வேண்டும் என்று நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தவர். ஜெர்மனியின் பொருளியலாளர் ஃபிரெட்ரிக் லிஸ்ட் 1841 இல், ஏணியில் ஏறி மேலே போனவர் பின்னால் வருபவர் ஏறாதபடி ஏணியைத் தள்ளிவிடுகிறார் என்று எழுதினார்.

ஏணி இல்லாதவனுக்கு என்ன நடக்கும் என்பதற்கு ஹெய்ட்டி. 1995 இல் அரிசி இறக்குமதி வரியை 3 வீதத்துக்குக் குறைக்க வைத்தார்கள். அமெரிக்காவில் அரசு மானியத்தோடு விளைந்த அரிசி கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அங்கத்தைய நெல்லுக்காரர் வயலை விட்டு நகரத்துச் சேரிக்குப் போனார்கள். அதைச் செய்த காலத்தில் அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த கிளின்டனே 2010 இல் செனட் குழு முன்னால், அது என் மாநிலத்து விவசாயிகள் சிலருக்கு நன்மையாக இருந்திருக்கலாம், ஆனால் அது பிழை என்று ஒப்புக்கொண்டார். மூன்றாம்வாய்க்கால் அண்ணை கேட்டது போல இரண்டு கணக்கு இருக்கிறது. ஒன்று அவர்கள் படிப்பிப்பது, மற்றது அவர்கள் செய்வது.

வவுனியா_பொருளியல் எழுதியது:

தம்பி சொன்ன வரலாறு சரி, மறுக்கமாட்டேன். ஆனால் கனடாக்காரன் 298 வீதம் வைப்பதால் அது நல்லது என்று ஆகிவிடாது. அங்கேயும் வெண்ணெய்க்குக் கூடக் காசு கொடுப்பவர் கடையில் நிற்கிற ஏழைதான். பழைய விசுவமடு ஐயா சொன்ன நாலு மிளகாய்க் கதை அதுவே.

நீங்கள் ஹெய்ட்டியைச் சொன்னீர்கள், நான் வியட்நாமைச் சொல்கிறேன். நம்மைப் போலவே போர் தின்ற நாடு. 1980களில் கூட்டுப்பண்ணை, அரசு வைத்த விலை, அரிசி இறக்குமதி. 1986 இல் சீர்திருத்தம் தொடங்கினார்கள். 1988 இல் காணியின் பயன்பாட்டு உரிமையைக் குடும்பங்களுக்கே கொடுத்து, விளைவதை விற்கவும் விட்டார்கள். 1989 இல் வியட்நாம் அரிசி ஏற்றுமதி செய்கிறது. ஒரே வருடத்தில் மண் மாறவில்லை, மழை மாறவில்லை. விளைச்சல் தனக்கென்று தெரிந்ததும் கமக்காரன் வயலில் நின்றான். சந்தைக்கு இருக்கிற இந்த வலிமையை நாங்கள் கோபத்தில் மறந்துவிடக்கூடாது.

மூன்றாம்வாய்க்கால் எழுதியது:

சேர், வியட்நாமைப் பற்றிச் சொன்னது நல்லது. ஆனால் மகளின் ஆசிரியர் தந்த குறிப்பில் இன்னொன்றும் இருக்கிறது. எவ்வளவு அரிசி வெளியே போகலாம் என்ற ஒதுக்கீட்டை வியட்நாம் அரசு 2001 வரை தன் கையிலேயே வைத்திருந்ததாம். முதலில் காணியைக் கையில் கொடுத்தார்கள், பிறகுதான் கதவை மெல்ல மெல்லத் திறந்தார்கள். எங்களுக்கு நடந்தது அப்படியா?

போர் முடிந்து ஏ9 மறுபடி திறந்த பிறகு, 2010 இல் நாங்கள் முகாமிலிருந்து திரும்பி வருகிறோம். வீட்டுக்குச் சுவர் இல்லை. தகரமும் தறப்பாளும். மாடு, நகை, உழவு இயந்திரம், விதைநெல், எல்லாம் போய்விட்டது. அந்த நேரத்தில் வன்னிக்குள் முதலில் வந்து பலகை மாட்டியவர்களில் லீசிங் கம்பனிகளும் கடன் கொடுப்பவர்களும் இருந்தார்கள். உழவு இயந்திரமும் மோட்டார் சைக்கிளும் தவணைக்கு. பெண்களுக்குக் குழுக் கடன், கிழமைக்குக் கிழமை வாசலுக்கு வந்து வசூல். வட்டி சுமை தாங்காமல் எத்தனை வீட்டில் என்னென்ன நடந்தது என்று இங்கே இருக்கிற எல்லோருக்கும் தெரியும். 2018 இல் வரட்சி பாதித்த 12 மாவட்டங்களில் பெண்களின் ஒரு இலட்சம் ரூபாய் வரையான நுண்கடனை அரசு தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது.

அக்கா தங்கச்சிக் கணக்கில் தங்கச்சிக்குக் கடன் இல்லை, சேர். களையை விட்டுக் கிடுகுக்கு மாறப் பணமும் தேவையில்லை, நாளும் தேவையில்லை. ஐயாவின் மிளகாய்க் காணிக்கு மாற ஒரு வழி இருந்திருந்தால் அவரின் நண்பர்கள் போயிருக்கமாட்டார்கள்.

தையல்_கை எழுதியது:

நான் அதிகம் எழுதுவதில்லை. கார்மென்ட்ஸில் ஆறு வருடம், முல்லைத்தீவு. காலையில் ஐந்தரைக்கு பஸ் எடுக்கிறது.

வயல் இல்லாத எங்களுக்கு இந்த வேலை பெரிய விஷயம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். அப்பா 2009 இலிருந்து இல்லை. என் சம்பளத்தில் இரண்டு தம்பிமார் படித்தார்கள். நாங்கள் தைப்பது அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் போகிறது. அந்தக் கதவு திறந்திருந்தபடியால்தான் எனக்கு வேலை. ஆகவே கதவை மூடு என்று சொல்பவர்களோடு நான் இல்லை.

ஆனால் 2025 சித்திரையில் அமெரிக்க ஜனாதிபதி இலங்கைச் சாமானுக்கு 44 வீத வரி என்று அறிவித்த கிழமையை மறக்கமாட்டேன். என் பக்கத்து மெசினில் இருக்கிற பிள்ளை போனில் அதை வாசித்துக் காட்டினாள். லைனில் ஒருவரும் பேசவில்லை. ஓவர்டைம் இருக்குமா, ஆட்களை நிறுத்துவார்களா என்றுதான் எல்லோருக்கும் யோசனை. பிறகு 30 ஆக்கி, ஆவணியில் 20 ஆக்கினார்கள். 20 என்றதும் எல்லோரும் பெருமூச்சு விட்டோம். ஆனால் அந்த 20 வீதமும் அப்போது புதிதாக வந்த சுமைதானே? ஐரோப்பாக்காரர் தந்த வரிச்சலுகையையும் 2010 இல் எடுத்தார்கள், 2017 இல் திருப்பித் தந்தார்கள். அவர்கள் விரும்பினால் திறக்கிறார்கள், விரும்பாவிட்டால் மூடுகிறார்கள். நாங்கள் வரியை உயர்த்தினால் சர்வதேச நாணய நிதியம் ஏன் என்று கேட்கும். அவர்களை யார் கேட்பது?

ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

தங்கச்சி, நன்றாகக் கேட்டீர்கள். அதோடு இன்னொன்று. சாமான் போகலாம், காசு போகலாம், ஆள் போகக்கூடாது. ரிக்கார்டோவின் கணக்கில் மூலதனம் நாட்டை விட்டுப் போகாது, அதனால்தான் கணக்குச் சரிவருகிறது. இன்று ஒரு கம்பனி ஒரு கிழமைக்குள் ஆலையைப் பூட்டி இன்னொரு நாட்டுக்குக் காசை மாற்றலாம். ஆனால் நீங்கள் அதே ஊசி வேலையை ரொறன்ரோவில் செய்ய வர முடியாது. ஊரில் ஒரு நாள் கூலி இங்கே ஒரு மணித்தியாலத்தில் வரும், அதுவும் அதே கைகளுக்கு. உண்மையாகத் திறந்த சந்தை என்றால் உழைப்புக்குத்தானே முதலில் திறக்க வேண்டும்? நான் வந்த வழியை இங்கே எழுத முடியாது. அந்த வழியில் வரப் போய்க் கடலில் முடிந்தவர்களை நினைத்தால் இன்றும் நித்திரை வராது.

புழுங்கல்_மில் எழுதியது:

எல்லோரும் உலகத்தைப் பேசுகிறீர்கள், நான் மில்லைப் பேசுகிறேன்.

நெடுங்கேணிப் பக்கம் சின்ன மில் வைத்திருக்கிறேன். மாசி பங்குனியில் வன்னி நெல் எங்கே போகிறது? லொறி லொறியாக, பெரிய மில்கள் இருக்கிற பொலன்னறுவைப் பக்கம். ஐப்பசி கார்த்திகையில் அதே நெல் அரிசிப் பையாகத் திரும்பி வந்து எங்கள் ஊர்க் கடையில் நிற்கிறது. நாலு ஏக்கர் வைத்திருக்கிற ஆள் மூன்றாம் மாதத்தில் விற்ற நெல்லை பத்தாம் மாதத்தில் அரிசியாக வாங்கிச் சாப்பிடுகிறார். இடையிலுள்ள ஏழு மாதத்தின் காசு யாரிடம் போனது? கொட்டி வைக்க இடமும், காயவைக்க மெசினும், வாங்கிப்போட வங்கிக் காசும் உள்ளவரிடம்.

நானும் வாங்கத் தயார். வெட்டு நேரம் ஒரு மாதம்தான், அந்த மாதத்தில் காசு வேண்டும். வங்கிக்குப் போனால் ஈடு கேட்பார்கள். என் காணி உறுதி போரில் போய்விட்டது, பிரதி எடுத்துப் பதிவு மாற்ற நாலு வருடம் அலைந்தேன். பெரிய ஆளுக்கு அறுவடைக்கு முன்னமே கடன் தயாராக இருக்கிறது. 2022 ஆவணியில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம், 2023 மாசியில் இன்னும் 66 வீதம் ஏறியது. நாணய நிதியத்தின் கடனுக்குச் செலவை ஈடுகட்டும் விலை வேண்டுமாம். பெரிய மில் சமாளிக்கும். என் உமி அடுப்பும் மோட்டரும் ஒரு மாதம் முழுக்க நின்றன.

ஆகவே சேர், ஐந்து லொறி ஏன் வரவில்லை என்று நீங்கள் கேட்டீர்களே. மற்ற நாலு லொறிக்கும் டீசலடிக்க எங்களிடம் காசு இருக்கவில்லை.

வடவாற்றங்கரை எழுதியது:

வணக்கம், தஞ்சாவூர் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். உங்கள் பேச்சைப் படித்ததும் எங்கள் ஊர் மாதிரியே இருந்தது. இங்கே அரசு நேரடி நெல் கொள்முதல் நிலையம் இருக்கிறது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஆதரவு விலை 2025-26க்கு சாதாரண ரகம் குவிண்டாலுக்கு, அதாவது 100 கிலோவுக்கு, 2,369 இந்திய ரூபாய். ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். மழை வந்தால் அதைத் தளர்த்தச் சொல்லி தில்லிக்கு மனு போகும், குழு வந்து பார்க்கும், அதற்குள் நெல் முளைத்துவிடும். இருந்தாலும் அந்த நிலையம் இருப்பதாலேயே தனியார் வியாபாரி ஓர் அளவுக்குக் கீழே விலை கேட்க யோசிப்பார். நான் நிலையத்துக்கே போகாவிட்டாலும் அது எனக்கு உதவுகிறது.

வவுனியா_பொருளியல் எழுதியது:

மில் அண்ணையின் பதிலை வாசித்துவிட்டு ஒரு நாள் யோசித்தேன். நான் படிப்பிக்கும்போது கரும்பலகையில் இரண்டு கோடும் ஒரே நேரத்தில் வருகின்றன. நிரம்பல் கோடு ஒரு கிழமைக்குள் வீதியில் வந்து விழுந்து நனைவதையும், வாங்குபவன் ஏழு மாதம் ஆறுதலாக இருப்பதையும் நான் அதில் கீறுவதில்லை. இனிமேல் கீறுவேன். விலை எங்கே நிற்கும் என்பதை யாருக்கு அவசரம் என்பதும் தீர்மானிக்கிறது. இவ்வளவு நாளும் இதை ஒரு சின்ன விதிவிலக்காகவே சொல்லிவந்தேன். வன்னியில் அதுதான் முழுக்கதையும்.

ஆனால் ஒரு இடத்தில் நான் விடமாட்டேன். அரிசி இறக்குமதியை முழுக்க மூட வேண்டும் என்று யாரும் சொல்ல வேண்டாம். 2022 இல் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்ட மாதங்களில் என் வகுப்பில் மத்தியானச் சாப்பாடு இல்லாமல் இருந்த பிள்ளைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். கூலிக்காரனும் தையல்காரியும் அரிசி வாங்கித்தான் சாப்பிடுகிறார்கள். இறக்குமதி அரிசிக்குக் கிலோவுக்கு 65 ரூபாய் வரி போட்டபோது அதையும் அவர்கள்தான் கட்டினார்கள். நெல்லுக்காரனுக்கு நல்ல விலை வர, கடையில் அரிசி வாங்குபவளின் வயிற்றில் அடிக்காத வழி ஒன்று வேண்டும். அவனுக்குக் காத்திருக்கும் வசதி கிடைத்தால் அது வரும் என்று நம்புகிறேன். களமும் களஞ்சியமும் அடைவை மீட்க ஒரு சின்னக் கடனும். கனடாவும் ஜப்பானும் தங்கள் கமக்காரனுக்கு வாங்கிக் கொடுத்ததும் அடிப்படையில் அந்த வசதியைத்தான். அதற்கு அவர்கள் பிடித்த வழிதான் எனக்குச் சம்மதமில்லை.

பழைய_விசுவமடு எழுதியது:

ஓம், அதைத்தான் அன்று எங்களுக்கு ஒருவரும் தரவில்லை. மூன்று வருடம் அவகாசம் தந்திருந்தால் போதும்.

மூன்றாம்வாய்க்கால் எழுதியது:

சேருக்கும் எல்லோருக்கும் நன்றி. மகளுக்கு முழு இழையையும் வாசித்துக் காட்டினேன். தையல் தங்கச்சியின் கேள்வியைக் கொப்பியின் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாள்.

நான் இப்படி யோசிக்கிறேன். எங்கள் வாய்க்காலில் 31 பேர். எங்கள் பகுதிக் கூட்டுறவுக்கு ஒரு பழைய களஞ்சியம் இருக்கிறது, போருக்கு முந்தியது, சுவர் உறுதி, கூரை பாதி இல்லை. முன்னால் சீமெந்துக் களம் வெடித்துப் புல் முளைத்திருக்கிறது. அதைத் திருத்தி எடுத்தால் வெட்டியவுடன் வீதியில் பரவத் தேவையில்லை. ஒவ்வொருவரும் பத்துச் சாக்காவது காயவைத்து வைகாசி வரை வைத்திருக்கலாம். எல்லா நெல்லையும் வைக்க முடியாது, கடன்காரர் விடமாட்டார்கள். பத்துச் சாக்கு வைக்கலாம். சங்கத் தலைவரோடு பேசினேன், திறப்பைத் தருகிறேன் என்றார். மில் அண்ணை, வைகாசியில் எங்களிடம் நீங்கள் வாங்குவீர்களா?

புழுங்கல்_மில் எழுதியது:

வாங்குவேன் தம்பி. வைகாசியில் என் மில்லுக்கு நெல்லே கிடைக்காது, சும்மா நிற்கும். 300 சாக்கு என்றால் எனக்கு நாலைந்து கிழமை ஓட்டம். ஆனால் ஒரு நிபந்தனை. பல்லால் கடித்துப் பார்க்கிற வேலை வேண்டாம். என்னிடம் ஈரமானி ஒன்று இருக்கிறது, அதைக் களஞ்சியத்திலேயே வைத்துவிடுகிறேன். நிறுக்கும்போது உங்கள் ஆள் ஒருவர் முள்ளைப் பார்க்கட்டும், என் ஆள் ஒருவர் பார்க்கட்டும். சாக்கின் எடை எவ்வளவோ அதை மட்டும் கழிப்போம்.

கூரைக்கு எத்தனை தகரம் என்று அளந்து சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் அந்தப் பக்கம் வருகிறேன்.